மாடல் விமான இறக்கையின் அளவும் கோணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் விமானம் கட்டுபவர்களும், பாதி கட்டியதை வாங்கிப் பொருத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கணக்குகளுக்கெல்லாம் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்கிறோம்: பால்சா மரத்தில் செய்த, இறக்கை உடலின் மேல் உட்காரும் பயிற்சி விமானம். ஸ்பான் (நுனிக்கு நுனி தூரம்) 1500 மி.மீ. உடலருகே இறக்கையின் அகலம் 280, நுனியில் 200. நுனியின் முன்விளிம்பு, உடலருகே உள்ள முன்விளிம்பைவிட 40 மி.மீ. பின்தள்ளி இருக்கிறது. ஏரோஃபாயில் (இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்) தட்டை அடியுள்ள கிளார்க் ஒய். பேட்டரியோடு எடை 1800 கிராம். உங்கள் விமானத்தின் எண்களை இதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

அளக்க என்னென்ன சாமான் வேணும்? இன்சிடென்ஸ் மீட்டர் வாங்கியே ஆகணுமா?

இறக்கை உட்காரும் கோணத்தைக் காட்டும் அந்த மீட்டரை வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம் (எப்படி என்பது கீழே வருகிறது). ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், 3 மீட்டர் ஸ்டீல் டேப், மூலைமட்டம், தூக்குக்குண்டு, இழுத்தால் நீளாத நூல், தச்சர்கள் ரம்பப் பிளேடின் சாய்வு பார்க்க வைத்திருக்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஆகியவை போதும். தையற்காரர் டேப் வேண்டாம். அது நீளும், 1500 மி.மீ.க்கு 5 மி.மீ. வரை ஏமாற்றும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் மேசை. புதிய ஃப்ளஷ் டோர் ஒன்றை இரண்டு ஸ்டூல் மேல் போட்டால் நல்ல மேசை. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் இழுத்துப் பாருங்கள். நூல்கள் நடுவில் ஒன்றையொன்று உரசும் அளவில் தொட்டால் பலகை முறுக்கவில்லை. ஒன்று மற்றதைத் தூக்கினாலோ, இடைவெளி தெரிந்தாலோ, ஒரு காலின் கீழ் அட்டை செருகிச் சரிசெய்யுங்கள். முறுக்கிய மேசையில் கட்டிய இறக்கை அந்த முறுக்கை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

ஸ்பான்னா ரெண்டு நுனிக்கும் நேரா டேப் பிடிச்சா போதுமா? இறக்கை மேலேயே ஒட்டிப் பிடிக்கணுமா?

நேராகத்தான். மேலிருந்து பார்க்கும்போது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை உள்ள கிடைமட்டத் தூரம்தான் ஸ்பான். உடல் மறைக்கும் பகுதியும் அதில் சேரும். இறக்கை V வடிவில் 3 டிகிரி உயர்ந்திருந்தால், மேற்பரப்பில் ஒட்டிப் பிடித்த அளவுக்கும் இதற்கும் மொத்தமே 2 மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் நுனித் துண்டு 20 டிகிரி உயரும் கிளைடரில், அந்தத் துண்டின் நீளத்தில் 6 சதவீதம் குறையும்.

போட்டி விமானம் என்றால் இதில் அலட்சியம் கூடாது (எஃப்3கே, எஃப்5ஜே போன்றவை சர்வதேசப் போட்டிப் பிரிவுகளின் பெயர்கள்). கையால் சுழற்றி எறியும் எஃப்3கே கிளைடருக்கு உச்சவரம்பு 1500 மி.மீ. எஃப்5ஜே கிளைடருக்கு 4 மீட்டர். எஃப்3ஏ விமானத்துக்கு ஸ்பானும் நீளமும் தலா 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வரம்பைத் தொட்டுக்கொண்டு கட்டி, கடைசியில் நுனிக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

கார்டு, நாண் எல்லாம் ஒண்ணா? எங்கே ஸ்கேல் வைக்கிறது?

ஒன்றுதான். பள்ளிக் கணக்கில் வட்டத்துக்குப் படித்த அதே நாண், இங்கே முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு. உடலருகே அளந்தால் அடி நாண், நுனியில் அளந்தால் நுனி நாண்.

ஸ்கேலை உடலின் மையக்கோட்டுக்கு இணையாக வைக்க வேண்டும். முன்விளிம்புக்குச் செங்குத்தாக வைப்பது வழக்கமான தப்பு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் அப்படி வைத்தால் நாண் குறைவாக வரும். 25 டிகிரி சாய்ந்த ஜெட் மாடலில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். முன்விளிம்பு உருண்டையாக இருப்பதால் ஸ்கேலின் பூஜ்யம் எங்கே என்று கண் தடுமாறும். மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தி முன்விளிம்பைத் தொடவைத்து, அந்த இடத்தை மேசைமேல் ஒட்டிய தாளில் குறியுங்கள். பின்விளிம்புக்கும் அப்படியே. பிறகு தாளில் உள்ள இரு குறிகளுக்கு இடையே அளங்கள். ஐலரான் (இறக்கையின் பின்பக்கம் மேலும் கீழும் அசையும் பலகை) நடுநிலையில் இருக்கட்டும்.

பரப்பளவு, ஆஸ்பெக்ட் ரேஷியோ, விங் லோடிங் மூணையும் ஒரே மூச்சுல சொல்ல முடியுமா?

அடி நாணையும் நுனி நாணையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 240. அதை 1500ஆல் பெருக்கினால் 3,60,000 சதுர மி.மீ., அதாவது 36 சதுர டெசிமீட்டர். உடலுக்குள் மறையும் பகுதியும் இதில் அடங்கும். ஸ்பானின் வர்க்கத்தைப் பரப்பளவால் வகுத்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோ: 6.25. எடையைப் பரப்பளவால் வகுத்தால் விங் லோடிங்: ஒரு சதுர டெசிமீட்டருக்கு 50 கிராம். அமெரிக்கப் பிளானில் சதுர அடிக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருந்தால் 3.05ஆல் பெருக்குங்கள். நம்முடையது 16.4 அவுன்ஸ்.

போட்டி விதிகளில் பரப்பளவு என்று வந்தால் வால் இறக்கையும் சேருமா என்று பாருங்கள். எஃப்1ஏ கிளைடருக்கு 32 முதல் 34 சதுர டெசிமீட்டர் என்று சொல்வது இரண்டும் சேர்ந்த கணக்கு.

நுனி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இதுக்கு என்ன ஃபார்முலா?

முழு நீள்வட்டம் என்றால் ஸ்பான் × அடி நாண் × 0.785. மற்ற வளைவுகளுக்கு ஃபார்முலா தேடுவதைவிடத் தராசு மேல். இறக்கையைக் கெட்டிச் சார்ட் அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். அரை இறக்கை போதும், ஒரே தாளில் அடங்காவிட்டால் இரண்டு துண்டாக வெட்டலாம். அதே அட்டையில் 100 × 100 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். இரண்டையும் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது சதுர டெசிமீட்டர். அரை இறக்கை என்றால் இரட்டியுங்கள். சதுரத்தை ஒன்றுக்குப் பதில் நான்கு வெட்டி நிறுத்துச் சராசரி எடுத்தால் பிழை இன்னும் குறையும்.

சி.ஜி.யை முன்விளிம்பிலிருந்து 28 சதவீதம்னு போட்டிருக்கு. எந்த நாணில் 28?

சி.ஜி. என்பது விமானத்தின் எடை சமநிலைப்படும் புள்ளி. அந்த 28 அடி நாணிலும் அல்ல, நுனி நாணிலும் அல்ல. சராசரிக் காற்றியக்க நாண், சுருக்கமாக எம்.ஏ.சி. என்பதில்தான். அடி முதல் நுனி வரை ஒரே அகலமுள்ள இறக்கையில் எல்லாம் ஒன்று. நம் விமானம் போலக் குறுகும் இறக்கையில் தேடிப்பிடிக்க வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்றால் பெரிய தாளில் அரை இறக்கையை முழு அளவில் வரையுங்கள். அடி நாணின் பின்முனையிலிருந்து பின்னோக்கி நுனி நாணின் நீளத்தை (200) நீட்டுங்கள். நுனி நாணின் முன்முனையிலிருந்து முன்னோக்கி அடி நாணின் நீளத்தை (280) நீட்டுங்கள். நீட்டிய இரு கடைசிப் புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். அடி நாணின் நடுவையும் நுனி நாணின் நடுவையும் இன்னொரு கோட்டால் இணையுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் ஓடும் நாண்தான் எம்.ஏ.சி. நம் விமானத்தில் அது மையத்திலிருந்து 354 மி.மீ. தள்ளி விழும். நீளம் 242. அதன் முன்விளிம்பு, அடியின் முன்விளிம்பைவிட 19 மி.மீ. பின்னால்.

ஆகவே 28 சதவீதம் என்பது 68 மி.மீ. அதோடு 19 சேர்த்தால், அடியின் முன்விளிம்பிலிருந்து 87 மி.மீ. அடி நாணிலேயே 28 சதவீதம் பார்த்திருந்தால் 78 வந்திருக்கும். இங்கே மூக்குப் பக்கம் 9 மி.மீ. கனத்துப் போகும், பிழைத்துக்கொள்ளலாம். பறக்கும் இறக்கை வகை மாடலில் இதே தப்பு விமானத்தையே பறக்க விடாது.

என் இறக்கை நடுவுல சதுரமா இருந்து, வெளியே போய்க் குறுகுது. இதுக்கும் அதே படமா?

துண்டு துண்டாகச் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே சொன்னபடி நாணும், அதன் முன்விளிம்பு எத்தனை மி.மீ. பின்தள்ளியிருக்கிறது என்பதும் எடுங்கள். ஒவ்வொன்றையும் அந்தத் துண்டின் பரப்பளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தப் பரப்பளவால் வகுத்தால் முடிந்தது.

இன்சிடென்ஸ்னா தரைக்கும் இறக்கைக்கும் உள்ள கோணமா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இன்சிடென்ஸ் என்பது இறக்கையின் நாணுக்கும் விமானத்தின் ஆதாரக்கோட்டுக்கும் உள்ள கோணம். தரைக்கு இதில் வேலையே இல்லை. சக்கரத்தில் நிற்கும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் மீட்டர் 9 டிகிரிகூடக் காட்டும்.

ஆதாரக்கோடு பிளானில் உடல் நெடுகக் கோடாகப் போட்டிருக்கும். பிளான் இல்லாமல் வாங்கிய விமானத்தில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வால் இறக்கையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலைப் பஞ்சு வைத்த தாங்கியில் வைத்து, வால் இறக்கைமேல் மீட்டர் 0.0 காட்டும்வரை வாலின் கீழ் அட்டை செருகுங்கள். பிறகு இறக்கையில் எவ்வளவு வருகிறதோ அதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதற்கு டிகலாஜ் என்று பெயர். விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது இந்த வித்தியாசம்தான். தனித்தனிக் கோணம் உடல் எப்படித் தெரியும் என்பதை மட்டுமே மாற்றும்.

தட்டை அடியில கேஜை வச்சா 0 வருது, மீட்டரை மாட்டினா 2 வருது. எது பொய்?

இரண்டும் உண்மை, அளக்கும் கோடுதான் வேறு. கிளார்க் ஒய் ஏரோஃபாயிலின் அடி, நாணின் 30 சதவீதத்துக்குப் பின்னால் தட்டையாக ஓடும், முன்னால் மேலே வளையும். முன்விளிம்பின் முனை, அந்தத் தட்டைக் கோட்டிலிருந்து நாணின் 3.5 சதவீத உயரத்தில் இருக்கும். நம் 280 மி.மீ. நாணில் அது 9.8 மி.மீ. அந்த முனையையும் பின்விளிம்பையும் இணைக்கும் உண்மையான நாண், தட்டை அடியோடு 2 டிகிரி கோணத்தில் நிற்கும்.

பழைய பிளான்களில் பலவற்றில் “இன்சிடென்ஸ் 0” என்றால் தட்டை அடியைச் சொல்கிறார்கள். அதை நாண் என்று எடுத்துக்கொண்டு இறக்கையை 2 டிகிரி இறக்கிவிட்டால், எலிவேட்டரை (வால் இறக்கையின் அசையும் பின்பகுதி) மேலே தூக்கியே பறக்க வேண்டிவரும். குறிப்பேட்டில் எழுதும்போது “அடியில் 0” அல்லது “நாணில் 2” என்று எழுதிவிடுங்கள். வெறும் எண் எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

இன்சிடென்ஸ் மீட்டர் வீட்டிலேயே எப்படிச் செய்யறது?

450 மி.மீ. நீளமுள்ள 12 மி.மீ. சதுர அலுமினியக் குழாய் ஒன்று. 6 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு தாடைகள், ஒவ்வொன்றிலும் 90 டிகிரி V வெட்டு. இரண்டு பிளைவுட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் வெட்டுங்கள், அப்போதுதான் V-யின் ஆழமும் குழாயிலிருந்து அதன் தூரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். ஒரு தாடையைக் குழாயின் முனையில் நிலையாக ஒட்டிவிடுங்கள். மற்றது நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. முன்தாடை முன்விளிம்பைக் கவ்வ, பின்தாடை பின்விளிம்பைக் கவ்வ, ரப்பர் பேண்ட் இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. குழாயின் மேல் ஓர் இரும்புப் பட்டையை ஒட்டி, அதன்மேல் ஆங்கிள் கேஜை வையுங்கள்.

செய்ததும் சோதியுங்கள். இறக்கை அசையாமல் இருக்க, ஒரே இடத்தில் மீட்டரை மாட்டி எண்ணைக் குறியுங்கள். பிறகு மீட்டரை முன்பின் திருப்பி, முன்தாடை பின்விளிம்புக்கு வருமாறு மாட்டுங்கள். சாய்வின் திசை கேஜில் மாறித் தெரியலாம், அளவை மட்டும் பாருங்கள். முதலில் 2.4, பிறகு 1.8 என்றால் உண்மை 2.1, மீட்டரின் பிழை 0.3. தாடை ஒன்றின் கீழ் காகிதம் ஒட்டி அதைச் சரிசெய்துவிடலாம்.

மீட்டர் ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் காட்டுது. ஏன்?

பெரும்பாலும் குழாய் உடலுக்கு இணையாக இல்லை. இறக்கை V வடிவில் உயர்ந்திருப்பதால், குழாய் கோணலாக நின்றால் அந்த உயரமும் எண்ணில் கலந்துவிடும். 3 டிகிரி உயர்ந்த இறக்கையில் குழாயை 10 டிகிரி கோணலாக மாட்டினால் அரை டிகிரி பிழை. அதுவும் இடது பக்கம் ஒரு விதமாகவும் வலது பக்கம் ஒரு விதமாகவும் கோணினால், முறுக்கே இல்லாத இறக்கையில் முறுக்கு இருப்பதுபோலக் காட்டும். மையத்திலிருந்து 150, 350, 700 மி.மீ.யில் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறி போட்டு, எப்போதும் அந்தக் குறியிலேயே மாட்டுங்கள்.

மற்றக் காரணங்கள் சின்னவை: பின்விளிம்பில் வழிந்து காய்ந்த பசை, ஐலரான் நடுநிலையில் இல்லாதது, நுரைத் தாங்கியில் உடல் மெதுவாக அமிழ்வது. கடைசியது இருந்தால், எல்லாம் அளந்து முடித்ததும் வால் இறக்கை இன்னும் 0.0 தானா என்று பாருங்கள்.

மொபைல்ல லெவல் ஆப் இருக்கே, அது போதாதா?

ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். மொபைலின் முதுகில் கேமரா புடைத்திருப்பதால் அதைப் படுக்க வைக்காமல், நீளவாக்கில் ஓரத்தில் நிறுத்துங்கள். ஓரத்துப் பட்டன்களும் தொந்தரவு செய்யும், பட்டன் இல்லாத ஓரமாகப் பார்த்து வையுங்கள். ஒரு முறை அளந்ததும் 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி அளங்கள். மீட்டரைச் சோதிக்கச் சொன்ன சராசரிக் கணக்கு இங்கேயும் பிழையை நீக்கும். திரையில் 0.1 காட்டுகிறது என்பதற்காக 0.1 வரை சரி என்று நம்ப வேண்டாம்.

டிகிரி எல்லாம் கையில பிடிபட மாட்டேங்குது. மி.மீ.ல சொல்ல முடியாதா?

மனப்பாடம் செய்ய ஒரே எண்: 57. நீளம் 57 மி.மீ.யில் 1 மி.மீ. உயர்ந்தால் 1 டிகிரி. உயரத்தை 57ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் டிகிரி வந்துவிடும். 140 மி.மீ. நாணுள்ள வால் இறக்கையின் முன்விளிம்பில் 1 மி.மீ. அட்டை வைத்தால் 0.4 டிகிரி. 240 மி.மீ. நாணில் 1 டிகிரிக்கு 4.2 மி.மீ. 15 டிகிரிக்குள் இது தாராளமாகப் போதும்.

கேஜ் இல்லாதவர்களுக்கு இதிலேயே ஒரு வழி இருக்கிறது. 573 மி.மீ. நீளமுள்ள நேரான குச்சியை அளக்கும் இடத்தோடு சேர்த்துக் கட்டினால், அதன் நுனியில் 10 மி.மீ. என்பது 1 டிகிரி. ஸ்கேலால் அளக்கும் அந்த 10 மி.மீ., மலிவான கேஜைவிட நம்பகமானது.

டைஹெட்ரல் 3 டிகிரின்னு பிளான்ல இருக்கு. மொத்தமா 3-ஆ, ஒரு பக்கத்துக்கு 3-ஆ?

டைஹெட்ரல் என்பது இறக்கை V வடிவில் உயரும் கோணம். வேறு குறிப்பு இல்லையென்றால் ஒரு பக்கத்துக்கு. நடு இணைப்பு மேசையில் இருக்க இரண்டு நுனியையும் தூக்கினால், 750 மி.மீ.க்கு ஒவ்வொரு நுனியும் 39 மி.மீ. உயர வேண்டும். ஆனால் ஒட்டும்போது ஒரு பக்கத்தை மேசையில் பளு வைத்துத் தட்டையாக அமுக்கி, மற்றதை மட்டும் தூக்குவதுதான் வசதி. அப்போது கோணம் 6 டிகிரி, நுனியின் கீழ் முட்டு 78 மி.மீ. 39 முட்டு வைத்து ஒட்டிவிட்டு, இறக்கை தட்டையாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் குறைவில்லை. எபாக்சி பிடித்தபின் திருத்த வேண்டுமானால் ரம்பம்தான்.

முட்டை முன்விளிம்பில் மட்டும் வைக்கக் கூடாது. முன்விளிம்பின் கீழும் பின்விளிம்பின் கீழும் தாங்கும்படி அகலமான கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் டைஹெட்ரலோடு முறுக்கும் இலவசமாக வரும்.

அடியில அளந்தா ஒரு கோணம், ஸ்பாரில் அளந்தா ஒரு கோணம் வருதே?

இறக்கை நுனியை நோக்கி மெலிவதால் (ஸ்பார் என்பது இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை). மேலும் கீழும் ஒரே வளைவுள்ள 12 சதவீத ஏரோஃபாயில் என்றால், அடியில் தடிமன் 34 மி.மீ., நுனியில் 24. கீழ்ப்பரப்பு மட்டும் 750 மி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. மேலே ஏறுகிறது. அது 0.4 டிகிரி. பிளான் சொல்வது பொதுவாக நாண் ஓடும் நடுத்தளத்தை. முன்விளிம்பின் நடுக்கோட்டில் அளந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வாஷ்அவுட் 2 டிகிரி வேணும். நுனியின் பின்விளிம்புக்குக் கீழே எவ்வளவு முட்டு வைக்கிறது?

வாஷ்அவுட் என்பது நுனியின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேலே முறுக்கிவைப்பது. வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் ஒரு பக்கமாகக் குப்புறாமல் இருக்க இது உதவும்.

நுனி நாண் 200, எனவே 7 மி.மீ. என்று கணக்குப் போடத் தோன்றும். கிளார்க் ஒய்யில் அது தப்பு. தட்டை அடி 30 சதவீதத்தில்தான் தொடங்குகிறது, முன்விளிம்பு மேசையைத் தொடுவதே இல்லை. நுனி விலா திரும்புவது அந்த 30 சதவீதப் புள்ளியைச் சுற்றி. அங்கிருந்து பின்விளிம்பு வரை 140 மி.மீ.தான். 2 டிகிரிக்கு 4.9 மி.மீ. முட்டு போதும். 7 வைத்தால் கிட்டத்தட்ட 2.9 டிகிரி வந்துவிடும். முட்டு நுனியில் 4.9, நடுவழியில் 2.45, அடியில் 0 என்று சீராக இறங்க வேண்டும்.

ஃபிலிம் ஒட்டினப்புறம் இறக்கை முறுக்கிக்கிச்சு. எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை. இடதும் வலதும் வேறுபடுவதுதான் விவகாரம். 700 மி.மீ. குறியில் இரு பக்க வித்தியாசம் 0.5 டிகிரிக்குள் இருக்கட்டும். 1 டிகிரியைத் தாண்டினால் ஐலரான் ட்ரிம் (ரிமோட்டில் நடுநிலையைச் சற்று நகர்த்துவது) வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் இறங்கும்போது மெதுவான வேகத்தில் ஒரு பக்கம் முதலில் விழும்.

சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம், வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிப் பிடிக்க, மற்றவர் ஹீட் கன்னால் மேலும் கீழும் ஃபிலிமைச் சூடாக்கி இறுக்க வேண்டும். சூடு ஆறும்வரை பிடியை விடக் கூடாது. மறுநாள் மீண்டும் அளங்கள், பாதி திரும்பி வந்திருந்தால் இன்னொரு முறை. வெயிலில் நின்ற காருக்குள் வைத்துவிட்டு எடுத்தாலும் அளந்துவிட்டே பறக்கவிடுங்கள்.

டிகலாஜ் எவ்வளவு இருந்தா நல்லது?

கிளார்க் ஒய் வைத்த பயிற்சி விமானத்துக்கு, நாணில் அளந்து 2 முதல் 3 டிகிரி. மேலும் கீழும் ஒரே வளைவுள்ள சாகச விமானத்துக்கு 0 முதல் 0.5. அதிகமானால் த்ராட்டில் கூட்டும்போதெல்லாம் மூக்கு மேலே ஏறும். அதை எலிவேட்டர் ட்ரிம்மால் அமுக்கி வைத்தால் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும்.

அட்டை செருகும் முன் சி.ஜி.யைப் பாருங்கள். மூக்கு கனத்த விமானத்துக்கு டிகலாஜ் அதிகம் தேவைப்படும், பின்பக்கம் கனத்ததற்குக் குறைவு. சி.ஜி. தப்பாக இருக்கும்போது கோணத்தைத் திருத்துவது, கால் உயரம் சரியில்லாத நாற்காலிக்கு முதுகை வெட்டுவது போல.

மோட்டார் கீழேயும் வலதுபக்கமும் திரும்பியிருக்கா, எப்படி அளக்கிறது?

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். புரொப்பெல்லரைக் கிடையாக நிறுத்தி, ஒரு நுனியிலிருந்து வாலின் மையத்துக்கு ஸ்டீல் டேப்பால் அளங்கள். பிறகு புரொப்பெல்லரை அரைச் சுற்றுத் திருப்பி, அதே நுனியை மறுபக்கம் கொண்டுவந்து அளங்கள். இரண்டு நுனிகளையும் தனித்தனியாக அளந்தால் பிளேடின் வளைவும் பிழையாகச் சேரும். 10 அங்குலப் புரொப்பெல்லரில் (254 மி.மீ.) 2 டிகிரி வலது என்றால், விமானிக்கு வலதுபக்கம் உள்ள தூரம் சுமார் 9 மி.மீ. குறைவாக வரும். கீழ்நோக்கிய கோணத்துக்கு, வால் இறக்கையை 0.0-வில் வைத்து, முன்னால் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதே நுனியை மேலேயும் கீழேயும் அளங்கள். 3 டிகிரி என்றால் மேல்நுனி 13 மி.மீ. முன்னால் நிற்கும்.

திருத்துவதற்கு மோட்டார் தாங்கியின் கீழ் வாஷர். திருகுகளுக்கிடையே 44 மி.மீ. என்றால் 1 டிகிரிக்கு 0.77 மி.மீ. வழக்கமான எம்3 வாஷர் 0.5 மி.மீ. தடிமன், மூன்று வைத்தால் 2 டிகிரி.

இறக்கை உடலுக்கு நேரா உட்கார்ந்திருக்கான்னு கண்ணால பார்த்தா போதாதா?

கண் பின்னாலிருந்து சாய்வை நன்றாகப் பிடிக்கும், மேலிருந்து திருகலைப் பிடிக்காது. இரு நுனிகளிலும் ஒரே இடத்தில் (ஐலரான் கீல் முடியும் இடம் வசதி) குறி போட்டு, அங்கிருந்து வாலின் மையத்துக்கு ஸ்டீல் டேப்பால் அளங்கள். நம் விமானத்தில் நுனியிலிருந்து வால் 800 மி.மீ. பின்னால் என்றால், இறக்கை 1 டிகிரி திரும்பியிருந்தால் இரண்டு தூரங்களும் சுமார் 19 மி.மீ. வேறுபடும். 2 மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

வால் இறக்கையின் பக்கச் சாய்வுக்கு மேசையிலிருந்து இரு நுனிகளின் உயரம். 520 மி.மீ. அகலமுள்ள வாலில் 9 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி. இறக்கையின் இரு நுனிகளும் மேசையிலிருந்து சம உயரத்தில் இருக்கும்படி முதலில் வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

எலிவேட்டர் 12 டிகிரின்னு ஒருத்தர் சொல்றார், 8 மி.மீ.ன்னு இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

எலிவேட்டரின் அகலம் 40 மி.மீ. என்றால் இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் (துல்லியமாக 8.4). 60 மி.மீ. அகலத்தில் அதே 8 மி.மீ. வெறும் 8 டிகிரிதான். மி.மீ.யை மட்டும் வாங்கிக்கொண்டு அகலத்தைக் கேட்காமல் விடக் கூடாது. அகலம் கீலிலிருந்து பின்விளிம்பு வரை, அளப்பது எலிவேட்டர் மிக அகலமாக இருக்கும் இடத்தில்.

பெரிய கோணங்களுக்கு 57 கணக்கு கொஞ்சம் பிசகும். 60 மி.மீ. ரட்டருக்கு (செங்குத்து வாலின் அசையும் பகுதி) 25 டிகிரி என்றால் நேர்த்தூரம் 26 மி.மீ.

ஸ்பிட்ஃபயரை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்யறேன். கோணத்தையும் எட்டால வகுக்கணுமா?

கூடாது. நீளம் எட்டால் வகுபடும், பரப்பளவு அறுபத்து நான்கால், கோணம் அப்படியே. உண்மை விமானத்தின் ஸ்பான் 11.23 மீட்டர், மாடலில் 1404 மி.மீ. இறக்கைப் பரப்பு 22.48 சதுர மீட்டர், மாடலில் 35 சதுர டெசிமீட்டர். டைஹெட்ரல் 6 டிகிரி, அடியில் இன்சிடென்ஸ் 2 டிகிரி, நுனியில் கழித்தல் அரை டிகிரி; இவை மாடலிலும் அதுவே. அதாவது 2.5 டிகிரி வாஷ்அவுட் உண்மை விமானத்திலேயே இருக்கிறது. மெல்லிய நுனியுள்ள அந்த இறக்கையில் மாடல்காரர்கள் அதைக் குறைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

V வாலுக்கு மீட்டர் எப்படி மாட்டறது?

இரண்டு தகடுகளுக்கும் நடுவே உள்ள கோணத்துக்குக் கெட்டி அட்டையில் அச்சு வெட்டுங்கள். தகடு கிடைமட்டத்திலிருந்து 35 டிகிரி என்றால் அச்சு 110. இன்சிடென்ஸுக்கு மீட்டர் குழாயை உடலுக்கு இணையாக மாட்டலாம், ஆனால் கேஜ் தகட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த கேஜின் எண்ணுக்கு மதிப்பில்லை. குழாயில் ஒரு L தகட்டை வளைத்து மாட்டி, கேஜ் நிமிர்ந்து நிற்கும்படி செய்யுங்கள்.

எல்லாம் அளந்து சரி பண்ணியாச்சு. இன்னும் இடதுபக்கம் சாயுதே?

ட்ரிம் வைத்து நடுத்தர வேகத்தில் நேராகப் பறக்க விடுங்கள். பிறகு வேகத்தை மாற்றுங்கள். எல்லா வேகத்திலும் நேராகவே போனால் காரணம் முறுக்கு, இரண்டு இறக்கைகளையும் மறுபடி அளங்கள். த்ராட்டிலைக் கூட்டும்போது மட்டும் திரும்பினால் மோட்டாரின் கோணம். த்ராட்டிலை மூடி மெதுவாக மிதக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து, வேகத்தில் மறுபக்கம் சாய்ந்தால், ஒரு நுனி கனம். புரொப்பெல்லர் அச்சிலும் வாலின் அடியிலும் நூல் கட்டித் தொங்கவிட்டால் எந்த நுனி தாழ்கிறது என்று தெரிந்துவிடும். லேசான நுனியில் மாஸ்கிங் டேப்பால் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, நிமிர்ந்ததும் அதே எடைக்கு ஈயத்தை நுனிக்கட்டைக்குள் புதைத்துவிடுங்கள்.